நல்ல மேனேஜரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கால்பந்து பற்றிக் கேட்டிருக்கும் கேள்வி இது: "கோப்பை வாங்கினால் மேனேஜரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம், நாலு மேட்ச் தோற்றால் துரத்தச் சொல்கிறோம். ஆடுவது என்னவோ பிளேயர்கள்தான். அப்படியிருக்க நல்ல மேனேஜர் என்று எதை வைத்துச் சொல்வது?" கடைசியில் ஒரு செய்தியும் சேர்த்திருக்கிறார். அவர்கள் ஊர் டீமுக்கு இந்த வருஷம் ஒருவரை மேனேஜர் பொறுப்பில் வைக்கப் போகிறார்களாம். மாவட்ட அளவில் ஆடிப் பெயர் வாங்கிய ஒருவரை ஒரு கட்சி சொல்கிறது, பெரிதாக ஆடியிராத ஒரு பெரியவரை இன்னொரு கட்சி சொல்கிறது. உண்மையான கேள்வி இந்தக் கடைசிச் செய்தியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உலகத்தில் யார் பெரிய மேனேஜர் என்று அவர் கேட்கவில்லை. கோப்பை கைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் தேறுவாரா மாட்டாரா என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். ஓரளவுக்குத் தெரியும் என்பது என் எண்ணம். அந்த ஓரளவு எவ்வளவு என்று சொல்லிப் பார்க்கிறேன்.

நான் மன்னார்குடிக்காரன். பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் நின்று பந்தாட்டம் பார்க்கத் தொடங்கி, கேபிள் டிவி வந்த பிறகு இங்கிலாந்து லீக்கைப் பிடித்துக்கொண்டு, 2014-இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் வந்ததிலிருந்து 'சென்னையின் எஃப்.சி.' கிளப்போடு சேர்ந்து சிரித்து அழுதுகொண்டிருப்பவன். நடுவில் பல வருஷம் எங்கள் ஊர் டீமோடு அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என்று எழுவர் போட்டிகளுக்கு வேனில் போய்வந்திருக்கிறேன். வேன் பேசுவது, எண்ட்ரி ஃபீஸ் கட்டுவது, ஜெர்சியைத் துவைக்கப் போடுவது என் வேலை. யார் ஆடுவது என்று முடிவு செய்வது வேறொருவர் வேலை. கோச்சிங் லைசென்ஸ் எதுவும் என்னிடம் இல்லை. பயிற்சியை எப்படி அமைப்பது, பிளேயரின் உடம்பை எப்படித் தேற்றுவது என்பதெல்லாம் அதைப் படித்தவர்கள் சொல்ல வேண்டியவை. பார்வையாளன் கண்ணுக்கு எட்டுவதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் நிச்சயமானதைச் சொல்லிவிடலாம், அது கொஞ்சம் கசக்கும். பெரிய லீக்குகளில் ஒரு கிளப் எந்த இடத்தில் முடிக்கும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கிளப் பிளேயர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் தீர்மானித்துவிடுகிறது. ஸ்டெஃபான் சிமான்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் இங்கிலாந்துக் கிளப்புகளின் கணக்குகளைப் பல ஆண்டுகளுக்கு எடுத்து வைத்து இதைக் காட்டினார். ஒரே ஒரு பருவத்தை எடுத்தால் முன்னே பின்னே இருக்கும். பத்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் சம்பளப் பட்டியலும் லீக் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். ஆகவே 'ஆடுவது பிளேயர்கள்தானே' என்று தம்பி கேட்டதில் தப்பே இல்லை. மேனேஜர் கையில் இருப்பது மிச்சம் மட்டும்தான். ஆனால் இரண்டாம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் நடுவே, தப்பிப்பதற்கும் கீழே இறங்குவதற்கும் நடுவே கிடப்பதும் அந்த மிச்சம்தான். ரசிகனின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

மேனேஜரை மாற்றினால் டீம் நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையிலும் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பாஸ் தெர் வேல் என்ற டச்சு ஆய்வாளர் நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களை எடுத்துப் பார்த்தார். ஒருவரை நீக்கிய பிறகு முடிவுகள் கொஞ்சம் சரியாவது உண்மைதான். ஆனால் அதே அளவு சறுக்கி, மேனேஜரை மாற்றாமல் வைத்திருந்த டீம்களும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் நிமிர்ந்திருந்தன. தோல்வி ஓர் அளவுக்கு மேல் தொடர்ந்தால் தானாகவே ஒரு திருப்பம் வரும், அந்த நேரத்தில் யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்குப் புகழ் போய்ச் சேரும்.

சென்னையின் ரசிகனாக எனக்கு இதைத் தீர்த்துச் சொல்ல முடியாமல் போன ஒரு பருவம் உண்டு. மேனேஜர் ஜான் கிரெகரி 2017-18-இல் பெங்களூருவிலேயே வைத்து பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த பருவம் அதே கிரெகரி, பெரும்பாலும் அதே ஆட்கள், 18 மேட்சில் 9 புள்ளி, கடைசி இடம். 2019-20-இல் முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. ஆறாவது மேட்ச் முடிந்ததும் கிரெகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். ஆடியவர்கள் அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே. டீம் நாலாவதாக முடித்து, அரையிறுதியில் கோவாவைத் தாண்டி, ஃபைனலில் ஏ.டி.கே.யிடம்தான் 3-1 என்று தோற்றது. காயில் வந்த பிறகு பந்து முன்னால் போன வேகமே வேறு, அதைக் கண்ணால் பார்த்தோம். அதே சமயம் அந்தத் திறமை அங்கே முன்பே இருந்தது என்பதும், எப்போதாவது வெளியே வந்துதான் இருக்கும் என்பதும் மறுக்க முடியாது. புகழில் எவ்வளவு காயிலுக்கு, எவ்வளவு தானாக வந்த திருப்பத்துக்கு என்று பங்கு பிரிக்க யாராலும் முடியாது. பிரித்துக் காட்டுகிறேன் என்று யாராவது டிவியில் உட்கார்ந்து சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடலாம்.

முடிவை வைத்து அளக்க முடியாது, புள்ளிப் பட்டியலை வைத்தும் முழுசாக அளக்க முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? இத்தனை வருஷம் பார்த்ததில் என் பதில் ஒன்றுதான்: ஆடாதவனைப் பாருங்கள். மேனேஜரின் வேலை எல்லாமே கடைசியில் ஒரு பட்டியலில் வந்து முடிகிறது. பதினொரு பேர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. உள்ளே போனவன் எந்த மேனேஜரிடமும் சந்தோஷமாகத்தான் இருப்பான். வெளியே நிறுத்தப்பட்டவன் என்ன ஆகிறான் என்பதில்தான் மேனேஜர் தெரிவார். கல்லணையில் தண்ணீர் திறந்தால் முதல் மடைக்காரன் வயல் எப்படியும் நனையும். முறை ஒழுங்காக வைத்தார்களா என்பது பேராவூரணிப் பக்கம் கடைமடைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். டீமிலும் அப்படித்தான்.

இதைக் கோல்கீப்பர் விஷயத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஃபார்வர்டு ஒருவனை வெளியே வைத்தால் விங்கில் இறக்கலாம், எழுபதாவது நிமிடத்தில் சப்பாக விடலாம். கீப்பருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கோல் போஸ்ட்.

1990 மே மாதம். அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து மூன்றரை வருஷம் ஆகியும் ஒரு கோப்பைகூட இல்லை. எஃப்.ஏ. கப் ஃபைனலில் கிறிஸ்டல் பேலஸுடன் 3-3. ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். முதல் ஆட்டத்தில் தடுமாறிய கீப்பர் ஜிம் லெய்டனை ஃபெர்குசன் நீக்கிவிட்டு, லூட்டன் கிளப்பிலிருந்து கடனாக வந்திருந்த லெஸ் சீலியை இறக்கினார். லெய்டன் சாதாரண ஆள் இல்லை. அபர்டீனில் ஃபெர்குசனிடம் வளர்ந்தவர், 1983-இல் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பாவின் 'கப் வின்னர்ஸ் கப்' வென்ற டீமின் கீப்பர், ஃபெர்குசனே தேடி அழைத்துக்கொண்டு வந்தவர். யுனைடெட் 1-0 என்று ஜெயித்தது. ஃபெர்குசன் அங்கே வாங்கிய முதல் கோப்பை அதுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். சீலி தன் பதக்கத்தை லெய்டனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், லெய்டன் வாங்கிக்கொள்ளவில்லை. யுனைடெட்டுக்காக அதன் பிறகு ஒரே ஒரு மேட்ச்தான் ஆடினார். ஃபெர்குசனுடன் அவருக்கு இருந்த உறவு அத்தோடு முறிந்தது.

அந்த முடிவு சரியா என்று கேட்டால், ஆட்டக் கணக்கில் சரி என்றுதான் நானும் சொல்வேன். ஃபார்மில் இல்லாத கீப்பரை நன்றிக்கடனுக்காக ஃபைனலில் நிறுத்துபவர் மற்ற பத்துப் பேருக்கும் துரோகம் செய்கிறார். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தன்னை நம்பி வந்த ஒரு மனிதர் உடைந்துபோனார், அவரை மறுபடி நிமிர்த்த அந்த மேனேஜரால் முடியவில்லை. அதே லெய்டன் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போய், மெதுவாக எழுந்து, 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கோலைக் காத்தார். நாற்பதை நெருங்கிய வயதில். அந்த மனிதரிடம் ஆட்டம் மிச்சம் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு கீப்பர் கதை பலருக்கும் நினைவிருக்கும், நம்மூரில் விடிய விடிய முழித்திருந்து பார்த்தது. 2014 உலகக் கோப்பைக் காலிறுதி, நெதர்லாந்தும் கோஸ்டாரிகாவும். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், கோல் இல்லை, பெனால்டி அடித்துத் தீர்மானிக்கும் டை பிரேக்கர் வரப்போகிறது. நெதர்லாந்து மேனேஜர் லூயிஸ் வான் கால் கீப்பர் சில்லெசனை வெளியே இழுத்து டிம் க்ருலை இறக்கினார். க்ருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து ஜெயித்தது. உலகமே வான் காலை மேதை என்றது. க்ருலிடம் இப்படி ஒரு வாய்ப்பு வரலாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். சில்லெசனிடம் சொல்லவில்லை, அவருடைய தயாரிப்பு கெடக்கூடாது என்று நினைத்தோம் என்று வான் கால் பிறகு விளக்கினார். வெளியே வரும்போது சில்லெசன் கோபத்தில் பாட்டிலை உதைத்ததை டிவியில் பார்த்தோம். நாலு நாள் கழித்து அர்ஜென்டினாவுடன் அரையிறுதி, அதுவும் டை பிரேக்கர். இந்தத் தடவை மூன்று மாற்று ஆட்களையும் முன்பே இறக்கிவிட்டதால் க்ருலைக் கொண்டுவர வழியில்லை. சில்லெசன் நின்றார், ஒன்றையும் தடுக்க முடியவில்லை, 4-2.

காலிறுதியில் நடந்ததால்தான் அரையிறுதியில் சில்லெசன் தடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதை நிரூபிக்க முடியாது, பெனால்டியைத் தடுப்பதில் பாதி அதிர்ஷ்டம். நான் கவனிப்பது வேறு விஷயம். 'டை பிரேக்கருக்கு நீ சரிப்பட மாட்டாய்' என்று உலகத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட ஒருவரையே நாலாம் நாள் டை பிரேக்கருக்கு நம்ப வேண்டி வந்தது. வெளியே வைத்தவன் நாளைக்கு வேண்டியிருக்கும். முதல் நாளே அதை நினைத்து நடப்பவரைத்தான் நான் நல்ல மேனேஜர் என்பேன்.

மூன்றாவது கீப்பர் நம் நாட்டுக் கதை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இந்தியாவின் மேனேஜர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர், பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம் என்று இந்தியக் கால்பந்துக்கு இன்றுவரை இருக்கும் பெருமை அநேகமாக அவர் காலத்தில் வந்தது. ஜகார்த்தாவில் முதல் மேட்சே தென் கொரியாவிடம் 0-2. அப்புறம் தாய்லாந்து, ஜப்பான் இரண்டையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தபோது தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்னால் நிற்க வைத்தால் ஆபத்து, உட்கார வைத்தால் நஷ்டம். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் ஃபார்வர்டாக நிறுத்தினார். தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், ஃபைனலில் அதே தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். பி.கே. பானர்ஜி அடித்ததையும் சேர்த்து 2-1, தங்கம்.

எல்லோரும் சொல்வது ஜர்னைல் சிங் கதையை. கீப்பர் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. மதராஸ் ரெஜிமெண்டில் ஆடி வந்த நெடிய பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் விழுந்திருந்தார், அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார், நன்றாகவே காத்தார். ஃபைனலுக்கு ரஹீம் தங்கராஜைத் திரும்பக் கொண்டுவந்தார், கொரியர்களின் உயரப் பந்துக்கு உயரமான ஆள் வேண்டும் என்ற கணக்கு. காய்ச்சலிலிருந்து எழுந்தவரை எடுத்து, நன்றாக ஆடியவரை உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டமான முடிவு! அந்த நேரத்தில் ரஹீமுக்கே புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார். பர்மன் மனதில் என்ன ஓடியது என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் ரஹீமிடம் ஆடியவர்கள் பிற்காலத்தில் அவரைப் பற்றிப் பேசியதைப் படித்தால், உட்கார வைக்கப்பட்டவன்கூட அவரை 'ரஹீம் சாப்' என்று மரியாதையோடு சொல்லும் ஓர் உறவு அந்த டீமில் இருந்தது புரியும்.

இந்தப் பெரிய கதைகளை நான் புரிந்துகொண்டது ஒரு சின்ன இடத்தில். எங்கள் டீமுக்கு ஆள் தேர்ந்தெடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு பி.டி. வாத்தியார். அதிராம்பட்டினத்தில் மின்னொளிப் போட்டி, தேரடியில் வேன் நிற்கிறது, பையன்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாக ஆடும் கீப்பர் பையனை சார் கூப்பிட்டார். பக்கத்தில் இன்னொரு கீப்பரும் நிற்கிறான், அவனைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. "தம்பி, இன்னிக்கு நீ இல்லடா. அந்த டீம்ல நாலு பேரு உன்னவிடத் தலை உயரம். கார்னர் வந்தா உனக்குக் கஷ்டம். இவன் நிக்கட்டும். டை பிரேக்கர் வந்தா நீ எறங்கு, கிளவுஸ மாட்டிக்கிட்டு ரெடியா இரு." பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த மேட்ச் நான் உண்டா சார்?" என்றான். "அத அடுத்த மேட்சுக்கு முன்னாடி சொல்றேன். இப்ப வாக்கு குடுத்தா பொய்யாப் போயிரும். கோவம் இருந்தா இங்கயே காட்டிரு, அங்க வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காத." பையன் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டுக்கோட்டை வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

அன்றைக்கு டை பிரேக்கர் வரை போகவே இல்லை, 2-0 என்று தோற்றோம். நான் பார்த்தது வேறு. அந்தப் பையன் கிளவுஸை மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று, "அண்ணே, வலது பக்கம் ஆளு, வலது பக்கம் ஆளு" என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தான். சார் செய்ததில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஊர் பார்க்கும் முன்பே சொன்னார், காரணத்தோடு சொன்னார், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கவில்லை, அந்த இரவில் அவனுக்கென்று ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். வான் காலின் அதே திட்டம்தான், ஆனால் சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஃபெர்குசனைப் பற்றி லெய்டனோடு நிறுத்தினால் அநியாயம். அவரே பிற்காலத்தில் இந்தக் கலையில் பெரிய ஆளானார். யுனைடெட்டின் ஃபார்வர்டு சோல்ஷியர் எந்த டீமிலும் முதல் பதினொன்றில் ஆடியிருக்கக்கூடியவர். 1998-இல் டாட்டன்ஹாம் கேட்டு, கிளப்பே விற்க ஒப்புக்கொண்டும் போகமாட்டேன் என்றார். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்துக்குள் இறங்கி நாலு கோல் அடித்தார். அதே மே மாதம் பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். ராய் கீனும் ஸ்கோல்ஸும் தடையில், பேயர்ன் மியூனிக் ஆறாவது நிமிடத்திலிருந்து 1-0 என்று முன்னே. கூடுதல் நிமிடங்களில் ஷெரிங்கம் ஒன்று, சோல்ஷியர் ஒன்று. இருவருமே பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள். அந்த இரண்டு கோலில் அதிர்ஷ்டம் நிறைய உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைக் கவனித்து வைத்துக்கொள்வேன் என்று சோல்ஷியரே சொல்லியிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கவனம் வராது. அந்த மனநிலைக்குப் பின்னால் மேனேஜர் கண்டிப்பாக இருந்தார் என்று நம்புகிறேன்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லெஸ்டர் கிளப் 2015-16-இல் 5000-க்கு 1 என்ற பந்தய விகிதத்திலிருந்து இங்கிலாந்து லீக்கை ஜெயித்தபோது மேனேஜர் ரானியெரியைக் கும்பிட்டோம். ஒன்பது மாதத்தில் அவரையே நீக்கினார்கள். நடுவில் அந்த டீமின் நடுக்கள ஆட்டக்காரர் காண்டே செல்சீக்குப் போயிருந்தார், அடுத்த பருவம் செல்சீ சாம்பியன். ரானியெரிக்கு முன்பிருந்த பியர்சன் காலத்திலேயே அந்த டீம் கடைசி ஒன்பது மேட்சில் ஏழை ஜெயித்து லீக்கில் தப்பியிருந்தது. வந்தவர் இருந்ததைக் கலைக்காமல் விட்டார், அது பெரிய குணம் என்று சிலர் சொல்வார்கள். காண்டேதான் எல்லாம் என்று சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, எனக்கு இன்னும் தீர்ப்பு இல்லை.

மேனேஜர் தனியாள் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்து மேனேஜர் பிரையன் கிளஃப் கூடவே உதவியாளர் பீட்டர் டெய்லர் இருந்தபோது டெர்பிக்கு 1972-இல் லீக், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 1978-இல் லீக், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. 1974-இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸுக்குப் போன கிளஃப் 44 நாள்தான் தாங்கினார். ஆளைக் கண்டுபிடிக்கும் கண் டெய்லருக்கு, பேசி ஆட வைக்கும் நாக்கு கிளஃபுக்கு. தனக்கு எது வராது என்று தெரிந்து அது வருகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்பவர் எனக்கு உயர்ந்தவராகத் தெரிகிறார். கோட்டோரத்தில் குதிப்பது, ரெஃப்ரியிடம் பாய்வது, பேட்டியில் வார்த்தைஜாலம் காட்டுவது ஆகியவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அங்கே சிலைபோல உட்கார்ந்திருந்தும் ஜெயித்தவர்கள் உண்டு, ஆடித் தீர்த்தும் ஜெயித்தவர்கள் உண்டு.

இப்போது உங்கள் டீம். மாவட்ட வீரரா, பெரிதாக ஆடாத பெரியவரா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: அவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பது எந்தப் பக்கமும் சாட்சி இல்லை. ஏ.சி. மிலானுக்கு 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த அரிகோ சாக்கி தொழில்முறையில் ஆடியதே இல்லை, செருப்பு விற்பனையில் இருந்தவர். ரஹீம் வாத்தியார். அதே மிலானில் ஆடிப் பெயர் வாங்கிய ஆன்செலோட்டி மேனேஜராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்றார். அதனால் அந்தச் சண்டையை விட்டுவிடுங்கள். இரண்டு பேரும் இதற்கு முன் எந்தப் பையன்களையாவது பார்த்திருப்பார்கள், பள்ளி டீமோ தெரு டீமோ. அதில் அதிகம் ஆடாமல் ஓரத்தில் நின்ற இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். நட்சத்திரப் பிளேயரிடம் கேட்க வேண்டாம், அவன் நல்லதுதான் சொல்வான். 'உன்னை எடுக்காதபோது எப்போது சொன்னார், எப்படிச் சொன்னார், அதற்கப்புறம் பயிற்சியில் உன்னோடு பேசினாரா?' என்று மட்டும் கேளுங்கள். இன்னும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறானா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பொறுப்பில் வைத்த பிறகு இரண்டு விஷயம். ஒன்று, பொங்கல் போட்டியில் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தால் மறுநாள் கூட்டம் போடாதீர்கள். கோடைப் போட்டிகள் முடியும்வரை விடுங்கள், அதற்குள், மேலே சொன்ன தெர் வேல் கணக்குப்படி, நல்லதும் கெட்டதும் ஓரளவு சமமாகிவிடும், பிறகு பேசினால் பேச்சில் நியாயம் இருக்கும். இரண்டு, பணம் அவர் கையில் இருக்கக்கூடாது. கெஸ்ட் பிளேயருக்குக் காசு கொடுக்கிறவர் 'நான் கூட்டிவந்த ஆள் ஆடியே ஆக வேண்டும்' என்று வந்து நிற்பார், நம் பக்கத்துப் போட்டிகளில் இது எல்லா டீமுக்கும் வரும் தொல்லை. அந்த நேரத்தில் பட்டியலைத் திருத்தாமல் நிற்க வேண்டுமானால், ஆளைத் தேர்ந்தெடுப்பவர் யாரிடமும் வேன் வாடகைக்குக் கை நீட்டியிருக்கக்கூடாது. வசூல், எண்ட்ரி ஃபீஸ், சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.